கொரியக் காதல் தொடர்களில் அப்படி என்ன இருக்கிறது?

"கொரியக் காதல் தொடர்களை இத்தனை பேர் ராத்திரித் தூக்கத்தை விட்டுப் பார்க்கிறார்களே, நடிகர் நடிகைகளின் அழகைத் தவிர அதில் என்ன இருக்கிறது? புதிதாகப் பார்க்கிறவர் எதில் தொடங்கலாம்?" என்பது கேள்வி.

அழகுக்காகப் பார்க்கத் தொடங்குவதில் தப்பே இல்லை. ஹியுன் பின் கன்னத்தில் குழி விழச் சிரித்தால் நானும் மனம்விட்டு ரசிப்பேன். ஆனால் முகத்தை மட்டும் நம்பி ஒருவரைப் பதினாறு எபிசோடு உட்கார வைக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முகம் முதல் இரண்டு எபிசோடுக்குத் தாங்கும், அவ்வளவுதான். அதற்கு அப்புறமும் நம்மைப் பிடித்து வைப்பது, ஒரு மனிதர் இன்னொருவரைக் கவனிக்கக் கற்றுக்கொள்வதை இந்தத் தொடர்கள் அவசரப்படாமல் காட்டும் விதம். கடந்த இருபது ஆண்டுகளில் காதலன் என்றால் யார் என்பதையே இவை மெல்ல மெல்ல மாற்றி எழுதியிருக்கின்றன. பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனவன், இன்று அவள் போன வாரம் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை ஞாபகம் வைத்திருக்கிறவனாக ஆகியிருக்கிறான். இதை ஒரே நடிகரின் மூன்று தொடர்களை வைத்தே காட்டிவிடலாம். அந்த நடிகர் ஹியுன் பின்.

முதலாவது, 2005-இல் எம்பிசி சேனலில் வந்த 'மை நேம் இஸ் கிம் சாம்-சூன்'. உண்மையில் அது கிம் சன்-ஆவின் தொடர். முப்பது வயதை ஒட்டிய, ஒல்லியாக இல்லாத, கேக் செய்வதில் கெட்டிக்காரியான, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் பெண் சாம்-சூன். இந்த வேடத்துக்காகக் கிம் சன்-ஆ எடை கூட்டினார். காதல் கதையின் நாயகி என்றாலே மெலிந்து, அழுது, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று இருந்த காலத்தில் அவர் வாய் நிறையச் சாப்பிட்டார், சத்தமாகச் சிரித்தார், திட்டினார். கடைசி எபிசோடின் பார்வையாளர் விகிதம் 50 சதவீதத்தைத் தாண்டியது. ஹியுன் பின்னுக்கு அப்போது வயது 22. அவர் நடித்த ஜின்-ஹன் பணக்கார வீட்டுப் பையன், உணவகம் நடத்துகிறவன், திமிர் பிடித்தவன். அவளை வேலைக்கு வைத்துக்கொள்வான், காதலிப்பதுபோல நடிக்க ஒப்பந்தம் போடுவான், அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவே மாட்டான். இவ்வளவையும் மீறி அவனை நாம் சகித்துக்கொள்வது, அந்தத் திமிருக்குப் பின்னால் ஒரு விபத்தில் அண்ணனை இழந்த பையன் இருப்பதை ஹியுன் பின் கண்களில் காட்டிக்கொண்டே இருந்ததால்தான்.

இரண்டாவது, 2010-இல் எஸ்பிஎஸ்ஸில் வந்த 'சீக்ரெட் கார்டன்'. எழுதியவர் கிம் உன்-சுக். பெரிய கடையின் முதலாளி கிம் ஜூ-வன், சினிமாவில் சண்டைக் காட்சிகளில் டூப் போடும் கில் ரா-இம் என்ற பெண்ணை விரும்புகிறான். ரா-இம்மாக நடித்தவர் ஹா ஜி-வன். இருவரின் உடம்பும் மாறிவிடுவதுதான் கதையின் முடிச்சு. ஹியுன் பின்னின் உடம்புக்குள் ஒரு பெண்ணும், ஹா ஜி-வனின் உடம்புக்குள் ஒரு பணக்கார ஆணும் நடமாடும் எபிசோடுகளை இன்று பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் அந்த உடல் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஜூ-வன் அவளை விடாமல் துரத்துகிறான். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நெருங்கி வரும் காட்சிகள் சில இருக்கின்றன. இன்று அவை நெருடுகின்றன, நெருடத்தான் வேண்டும். இந்தத் தொடர் எனக்கு முக்கியமாகப்படுவதற்குக் காரணமே அந்தக் குறைதான். துரத்துகிறவனை அவள் உடம்புக்குள்ளேயே போய் வாழச் சொல்கிறது கதை. அவளுடைய காயங்களும் கூலி வேலையும் அவளை மற்றவர்கள் நடத்தும் விதமும் அவனுக்குப் புரிவது அப்போதுதான்.

அந்தத் தொடர் முடிந்த கையோடு, புகழின் உச்சியில் இருந்த ஹியுன் பின் 2011 மார்ச்சில் ராணுவ சேவைக்குப் போனார். கொரிய ஆண்களுக்கு அது கட்டாயம். அவர் தேர்ந்தெடுத்ததோ கடினமானது என்று பெயர் வாங்கிய மரைன் படை. பணியாற்றிய இடம் பெங்னியோங் தீவு. தென்கொரியாவின் வசத்தில் இருந்தாலும் வடகொரியக் கரைக்கு மிக அருகில் இருக்கும் தீவு அது. எட்டு ஆண்டுகள் கழித்து அவர் வடகொரிய ராணுவ அதிகாரியாக வேடம் போட்டபோது, அந்த நிமிர்ந்த முதுகும் குறைந்த பேச்சும் எங்கிருந்து வந்தன என்று ரசிகர்கள் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது தொடர் அதுதான்: 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'. 2019 டிசம்பரிலிருந்து 2020 பிப்ரவரி வரை டிவிஎன் சேனலில் ஓடியது. எழுதியவர் பார்க் ஜி-உன். தென்கொரியத் தலைநகர் சியோலைச் சேர்ந்த பெரும் பணக்காரி யூன் செ-ரி, பாராகிளைடரில் பறக்கும்போது சூறாவளியில் சிக்கி எல்லை தாண்டி வடகொரியாவில் விழுகிறாள். அங்கே அவளைப் பார்ப்பவன் கேப்டன் ரி ஜோங்-ஹியோக். அவளைத் திருப்பி அனுப்பும் வரை தன் வீட்டிலேயே ஒளித்துவைக்கிறான். கேட்டால் நம்பவே முடியாத கதை. ஆனால் அந்தக் கிராமத்தை நம்பும்படி எழுதியிருந்தார்கள். வடகொரியாவிலிருந்து தப்பி வந்தவர், அங்கே சினிமா படித்தவர் ஒருவர் எழுத்துக்குழுவில் இருந்தார். அடிக்கடி போகும் மின்சாரம், நிலத்தடியில் கிம்ச்சி ஊறுகாய் சேமிக்கும் பள்ளம், சந்தையில் ஒளித்து விற்கும் தென்கொரியப் பொருட்கள் எல்லாம் கதைக்குள் இயல்பாக வந்து போகும்.

இதில் ஒரு காட்சியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். செ-ரி சொகுசிலேயே வாழ்ந்தவள். ஒளிந்திருக்கும் வீட்டிலும் தனக்கு வேண்டியதை எல்லாம் பட்டியல் போடுவாள். வாசனை மெழுகுவர்த்தி இல்லாமல் தூக்கம் வராது என்பாள். அவன் வாங்கி வருவது மின்சாரம் போனால் ஏற்றும் சாதாரண மெழுகுவர்த்தி. அவளுக்கு ஏமாற்றம். அவனுக்கோ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றே தெரியவில்லை. பார்க்கிற நாம் அதைச் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். நான்காவது எபிசோடின் கடைசியில் அவள் சந்தையில் வழி தவறிவிடுகிறாள். இருட்டிவிட்டது. சுற்றிலும் முன்பின் தெரியாத முகங்கள். பிடிபட்டால் உயிர் போகும் ஊர். அப்போது கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு சின்னச் சுடர் தெரிகிறது. கேப்டன் ரி ஒரு கையை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறான். அவள் கிட்டே வந்ததும், இந்தத் தடவை வாசனை மெழுகுவர்த்திதான், சரிதானே என்று கேட்கிறான்.

ஹியுன் பின் அந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யவில்லை. பெரிதாகச் சிரிக்கவில்லை, ஓடி வந்து கட்டிப்பிடிக்கவில்லை. சிப்பாய் உத்தரவை நிறைவேற்றிவிட்டு அறிக்கை கொடுப்பதுபோலத்தான் கேட்கிறார். 2005-இன் ஜின்-ஹன் இதே சந்தையில் இருந்திருந்தால் அவள் கையைப் பிடித்து இழுத்து, எங்கே போனாய் என்று கத்தியிருப்பான். இவனோ அவள் தன்னைக் கண்டுபிடிக்க ஒரு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் சொன்னது காதில் விழுந்திருக்கிறது, புரியாததை விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். இதே ஆள்தான் அவள் காப்பி கேட்டாள் என்பதற்காகப் பச்சைக் கொட்டையை வாங்கி வந்து வறுத்துப் பொடித்துக் கொடுப்பான். "உன்னைக் காதலிக்கிறேன்" என்ற வசனம் வருவதற்கு வெகு முன்பே நமக்கு விஷயம் தெரிந்துவிடும்.

அந்தச் சந்தைக் காட்சி நிற்பதற்குப் பாதிக் காரணம் எதிரே செ-ரியாக நிற்கும் சொன் யே-ஜின். பயந்த முகம் தளர்ந்து கண் கலங்குவதை அவர் காட்டாவிட்டால் அவன் வெறுமனே மெழுகுவர்த்தி பிடித்த ஆள்தான். 2003, 2004 வாக்கில் 'தி கிளாசிக்', 'எ மொமென்ட் டு ரிமெம்பர்' படங்களால் அழ வைக்கும் நடிகை என்று பெயர் எடுத்தவர். செ-ரியில் அவர் செய்ததோ நகைச்சுவை. எதையும் மூன்று வாய்க்கு மேல் சாப்பிடாத பெண், சிப்பாய்கள் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திச் சுட்ட சிப்பியை முகம் சுளித்துக்கொண்டே வாங்கி, ஒரு வாய் வைத்ததும் மாறிப்போகும் காட்சியைப் பாருங்கள். அந்த மாற்றத்தில் நடிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது.

சொன் யே-ஜினின் முழு வீச்சையும் பார்க்க வேண்டுமானால் 2018-இல் ஜேடிபிசியில் வந்த 'சம்திங் இன் தி ரெயின்'. இயக்கியவர் ஆன் பான்-சொக். முப்பதுகளின் நடுவில் இருக்கும் யூன் ஜின்-ஆ, தன் நெருங்கிய தோழியின் தம்பியைக் காதலிக்கிறாள். தம்பியாக ஜங் ஹே-இன். ஒரு காட்சியில் மற்றவர்களும் உட்கார்ந்திருக்கும் மேசையில், மேலே பேச்சு ஓடிக்கொண்டிருக்க, மேசைக்கு அடியில் அவள் அவன் கையை மெதுவாகப் பிடிக்கிறாள். அவன் முகத்தில் ஒரு கணம் எல்லாம் நின்றுபோகும். அவள் எதுவும் நடக்காததுபோலப் பேச்சைத் தொடர்வாள். கொரியத் தொடர்களில் கைபிடிக்கும் காட்சிகள் ஆயிரம் இருக்கும், முதலில் கை நீட்டுவது பெண்ணாக இருந்த காட்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. அந்தத் தொடரின் பிற்பாதி எனக்குக் களைப்பாக இருந்தது. அம்மாவின் எதிர்ப்பையே சுற்றிச் சுற்றி வரும். முதல் எட்டு எபிசோடுக்காகவே அதைத் திரும்பப் பார்ப்பேன்.

ஹியுன் பின்னும் சொன் யே-ஜினும் 2022 மார்ச் 31 அன்று திருமணம் செய்துகொண்டார்கள். ரசிகர்களுக்கு அது சொந்த வீட்டுக் கல்யாணம். தொடரில் அவன் பியானோ வாசிக்கும் ஸ்விட்சர்லாந்தின் இசெல்ட்வால்ட் கிராமத்துப் படகுத்துறைக்கு ஆசியாவிலிருந்து அவ்வளவு பேர் போகிறார்கள். கூட்டத்தைச் சமாளிக்க 2023-இல் அங்கே ஐந்து ஃபிராங்க் கட்டணமும் தடுப்பு வாசலும் வைக்க வேண்டியதாயிற்று.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்றால், எழுதுகிறவர்களைப் பார்க்க வேண்டும். கொரியத் தொடர் உலகில் போஸ்டரில் எழுத்தாளர் பெயரைப் பார்த்துத் தொடரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் உண்டு. கிம் உன்-சுக், பார்க் ஜி-உன், நோ ஹீ-கியோங், ஹோங் சகோதரிகள் என்று காதல் தொடர்களின் பெரிய பெயர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலும் ஒரே ஆள்தான் முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை முதன்மையாக எழுதுவார். முடிவு எங்கே என்று ஓரளவு தெரிந்து எழுதுகிற கதை அது. நான்காவது எபிசோடில் ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சமாக வேண்டும் என்றால் அதற்கு முன்பே யாரோ அதைக் கேட்டிருக்க வேண்டும். முடிவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இழுக்கிற தொடரில் இப்படி விதைத்து அறுக்க முடியாது. நடிகருக்கும் அது லாபம். பிறப்பு முதல் இறுதி வரை ஒரு முழு மனிதரைச் சில மாதங்களில் நடித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். ஹியுன் பின் நடித்த மூன்று காதலர்களும் மூன்று தனி மனிதர்களாக நிற்பது அதனால்தான்.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வாரம் இரண்டு எபிசோடு, அதையும் ஒளிபரப்பிக்கொண்டே படமாக்குவது என்பதுதான் நெடுநாள் வழக்கம். அன்றன்றைக்குக் கைக்கு வரும் பக்கங்களை வைத்துக்கொண்டு, தூக்கமில்லாமல் நடித்தார்கள். விளக்குப் பிடிக்கிறவரும் ஒப்பனைக்காரரும் பட்ட பாடு இன்னும் அதிகம். 2016-இல் சோங் ஜூங்-கி, சோங் ஹே-கியோ நடித்த 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' ஒளிபரப்புக்கு முன்பே முழுவதும் படமாக்கப்பட்டு, கடைசி எபிசோடில் 38.8 சதவீதம் எட்டியது. முன்கூட்டியே எடுத்தாலும் ஜெயிக்கலாம் என்று அது காட்டியது. 2018-இல் கொரியாவில் வாரத்துக்கு 52 மணி நேர வேலை வரம்புச் சட்டம் வந்தது. பழைய தொடர்களின் கடைசி எபிசோடுகள் அவசர அவசரமாக ஒட்டியதுபோல இருந்தால், இந்தப் பின்னணியை நினைத்து நடிகர்கள்மேல் கோபப்படாமல் இருங்கள்.

ஆசியா முழுக்க இந்த ரசிப்பு பரவியதற்குக் கொரியா மட்டும் காரணம் இல்லை. ஒரே கதை நாடு நாடாகப் போனதையும் பார்க்க வேண்டும். காமியோ யோகோவின் ஜப்பானிய மங்கா படக்கதையிலிருந்து தைவானில் 2001-இல் 'மீட்டியர் கார்டன்' வந்தது. அதையே ஜப்பான் 2005-இலும், கொரியா 2009-இல் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' என்றும், சீனா 2018-இலும், தாய்லாந்து 2021-இலும் எடுத்தன. பணக்காரப் பள்ளியில் நான்கு பையன்கள், அவர்களை எதிர்த்து நிற்கும் ஓர் ஏழைப் பெண். தமிழ்நாட்டில் பலருக்கு இதுதான் முதல் அறிமுகம்: புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் டப் செய்து ஒளிபரப்பியபோது கொரிய வடிவத்தின் நாயகன் லீ மின்-ஹோவின் சுருட்டை முடியைப் பேசாத கல்லூரி விடுதி இருந்திருக்காது. 2009 வடிவத்தில் நாயகன் அவளைத் துன்புறுத்துவது காதலின் முன்னுரையாகவே வந்துபோகும். தாய்லாந்து வடிவம் அந்தக் கொடுமையை முதல் எபிசோடிலிருந்தே கொடுமையாகவே காட்டுகிறது. கதை ஒன்றுதான், இருபது ஆண்டுகளில் அதைப் பார்க்கும் கண் மாறியிருக்கிறது. தைவான் வடிவத்தில் நாயகி ஷான்சாயாக நடித்த பார்பி ஷூ 2025 பிப்ரவரியில் காலமானார். அவர் முகத்தில் இருந்த அந்தப் பணியாத பிடிவாதம் பின்னால் வந்த அத்தனை நாயகிகளுக்கும் வழி போட்டது.

'மீட்டியர் கார்டன்' வந்ததற்கு அடுத்த ஆண்டு, 2002-இல், கொரியாவின் கேபிஎஸ்ஸில் 'விண்டர் சொனாட்டா' வந்தது. பே யோங்-ஜூன், சோய் ஜி-வூ. இயக்கம் யூன் சொக்-ஹோ. 2003-இல் ஜப்பானின் என்ஹெச்கே அதை ஒளிபரப்ப, நடுத்தர வயதுப் பெண்கள் பே யோங்-ஜூனைக் கொண்டாடித் தீர்த்தார்கள். சுன்ச்சோனுக்கு அருகில் உள்ள நாமி தீவின் மரப் பாதையில் நடக்கக் கப்பலும் விமானமும் ஏறி வந்தார்கள். சிலருக்கு இந்தக் கொண்டாட்டம் வேடிக்கையாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. வீட்டுக்குள் யாரும் தன்னை ஏறெடுத்துப் பார்க்காத வயதில், ஒரு பெண்ணின் முகத்தை முழு அக்கறையோடு பார்க்கிற ஓர் ஆணைத் திரையில் கண்டால் மனம் நெகிழாதா? கழுத்தில் மப்ளரும் மூக்குக்கண்ணாடியுமாக, தாழ்ந்த குரலில் பேசிய அந்த மனிதர்தான் ரி ஜோங்-ஹியோக்குக்கு முன்னோடி. 'கிராஷ் லேண்டிங்' இதை மறக்கவில்லை. அதில் தென்கொரியத் தொடர்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்தே வளர்ந்த சிப்பாய் கிம் ஜூ-மொக் கடைசியில் தன் கனவு நாயகியைச் சந்திப்பான். வந்து நிற்பவர் சோய் ஜி-வூ.

சரி, இந்தப் பாதை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது? என் கணக்கில் 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்'. எழுதியவர் லிம் சாங்-சுன். இது புனைபெயர், முகம் காட்டாமலே எழுதுகிறவர். இயக்கம் கிம் வன்-சொக். ஜேஜு தீவில் 1950-களில் பிறந்த ஏ-சன், குவான்-சிக் இருவரின் முழு வாழ்க்கை. வாரத்துக்கு நான்காக, நான்கு வாரத்தில் 16 எபிசோடு. இளம் வயது ஏ-சன்னாக ஐயு, குவான்-சிக்காகப் பார்க் போ-கம். வயதான பிறகு மூன் சோ-ரியும் பார்க் ஹே-ஜூனும். ஐயு, ஏ-சன்னின் மகள் கும்-மியோங்காகவும் வருகிறார். அம்மா வாய் ஓயாமல் சண்டை போடும் கிராமத்துக் கவிஞி, மகள் சியோலில் படித்துப் பெற்றோரிடம் எரிந்து விழுந்துவிட்டு அப்புறம் தனியாக அழுகிறவள். ஒரே முகம்தான் என்பதே சில நிமிடங்களில் மறந்துபோகும்.

குவான்-சிக் அதிகம் பேச மாட்டான். சின்ன வயதில் மீன் கொண்டுவந்து அவளுக்குக் கொடுப்பான். அவள் சந்தையில் கூவி விற்கக் கூச்சப்பட்டால் அவளுடைய முட்டைக்கோஸை அவன் விற்பான். கப்பலில் தீவை விட்டுப் போகிறவன், கடலில் குதித்து அவளிடம் நீந்தித் திரும்புவான். எல்லோரும் பேசுவது அந்த நீச்சல் காட்சியைத்தான். எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சாப்பாட்டுக் காட்சி. கல்யாணமாகி அவன் வீட்டுக்குப் போகிறாள். அந்த வீட்டில் ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்குத் தனி மேசை. நல்லதெல்லாம் அங்கே, மிச்சம் மீதி இங்கே. குவான்-சிக் ஆண்கள் மேசையில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். பெரியவர்களின் பேச்சு அவளைக் குத்துகிறது. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, பெண்கள் பக்கம் முகம் வைத்துச் சாப்பிடத் தொடங்குகிறான்.

நம் வீடுகளிலும் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடியில் கிடப்பதைப் போட்டுக்கொண்டு உட்காரும் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திரும்பல் எவ்வளவு பெரிது என்று விளக்க வேண்டியதில்லை. பார்க் போ-கம் அதில் வீரம் காட்டவில்லை. கொஞ்சம் பயம்கூட இருக்கிறது. தலை குனிந்தபடி, ஆனால் திரும்பிவிட்டான். 'ரிப்ளை 1988' தொடரில் பாதுக் என்ற பலகை விளையாட்டின் ஆட்டக்காரன் தேக்காக அவர் செய்தபோதே இந்த அமைதி இருந்தது. குவான்-சிக்கில் அது ஒரு குடும்பத்தைத் தாங்கும் பலமாக வளர்ந்திருக்கிறது.

அதே குவான்-சிக் வயதானதும் பார்க் ஹே-ஜூன் ஆகிறார். 2020-இல் 'தி வேர்ல்ட் ஆஃப் தி மேரிட்' தொடரில் மனைவிக்குத் துரோகம் செய்துவிட்டு, காதலில் விழுவது குற்றமா என்று கத்திக் கொரியா முழுவதும் திட்டு வாங்கிய கணவர் அவர்தான். அந்தக் கோபம் ஆறாதவர்களே ஐந்து ஆண்டு கழித்து அவர் முகத்தைப் பார்த்து அழுதார்கள். தேய்ந்த முழங்காலைத் தடவிக்கொண்டு, மகள் வருகிறாள் என்றால் கண்ணில் ஒளி வந்து, அதையும் பெரிதாகக் காட்டிக்கொள்ளாத ஓர் அப்பா. நடிகரின் தொழில் என்ன என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு தொடர்களையும் அடுத்தடுத்து போட்டுக் காட்டுவேன். ஏ-சன்னின் அம்மாவாக, கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஹேன்யோவாக வரும் யோம் ஹே-ரான் இருப்பது கொஞ்ச நேரம்தான். தொடர் முடியும்வரை அவர் குரல் காதில் நிற்கும். அந்த ஆண்டு கொரியாவின் பேக்சாங் விருதில் சிறந்த தொடர், சிறந்த திரைக்கதை விருதுகள் இந்தத் தொடருக்கும், சிறந்த துணை நடிகை விருது அவருக்கும் வந்தன.

துணை நடிகர்களைச் சொன்னதால் கிம் சன்-யங்கையும் சொல்லியே ஆக வேண்டும். 'கிராஷ் லேண்டிங்'கில் கிராமத்துப் பெண்களின் தலைவியாக அதட்டிக்கொண்டு வருவாரே, அவர்தான். 'ரிப்ளை 1988'-இல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் விதவைத் தாய். தன் அம்மா பார்க்க வருகிறாள் என்றதும், வறுமை தெரியக்கூடாது என்று அக்கம்பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கி வீட்டை நிரப்பி வைப்பாள். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் பணத்தை வைத்துவிட்டுப் போவாள். அதற்கப்புறம் தொலைபேசியில் "அம்மா" என்று மட்டும் சொல்லி உடைந்து அழுகிற கிம் சன்-யங்கைப் பார்த்து அழாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இதே பெண்ணுக்கு அதே தொடரில் ஒரு காதலும் உண்டு. அதே தெருவில் மகனோடு இருக்கும், மனைவியை இழந்த பழைய ஊர்க்காரரோடு, ஆரவாரமே இல்லாத காதல். இளசுகளின் காதலைவிட அதைத்தான் நான் அதிகம் எதிர்பார்த்துப் பார்த்தேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. விபத்தில் நினைவு தப்பிப்போவது, சின்ன வயதிலேயே இருவரும் சந்தித்திருந்தார்கள் என்று பத்தாவது எபிசோடில் தெரியவருவது, "உன் நல்லதுக்காகத்தான் பிரிகிறேன்" என்று ஒருவர் காரணமே சொல்லாமல் விலகுவது எல்லாம் அலுத்துவிட்டன. பதினொன்று, பன்னிரண்டாவது எபிசோடில் பல தொடர்கள் தள்ளாடும். உணர்ச்சிகரமான காட்சியின் நடுவில் சாண்ட்விச் கடையின் பெயர்ப்பலகையும் காப்பிப் பாக்கெட்டும் கேமராவுக்கு முகம் காட்டும். விளம்பரக் காசு இல்லாமல் தொடர் இல்லை என்பது உண்மைதான், இருந்தாலும் எரிச்சல் வரும். நடிகர்கள் மேல் சுமத்தப்படும் எதிர்பார்ப்பும் எனக்குக் கவலை தருகிறது. எடை கூடினால் பேச்சு, காதலித்தால் பேச்சு. திரையில் அவ்வளவு அன்பைக் கொடுக்கிறவர்களிடம் ரசிகர்களும் கொஞ்சம் அன்பாக இருக்கலாம்.

எதில் தொடங்கலாம் என்றால், இந்த வகையே பழக்கமில்லாதவருக்கு 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'. சிரிப்பும் காதலும் பயமும் கலந்து வரும். முதல் எபிசோடு கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தால் நான்காவது வரை பொறுங்கள். அம்மா, அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க 'ரிப்ளை 1988'. எபிசோடுகள் நீளமானவை, அதனால் ஒரு நாளைக்கு ஒன்று போதும். அலுவலகம் போய்வரும் வாழ்க்கையை, பெரிய திருப்பம் இல்லாமல் பார்க்கப் பிடிக்கும் என்றால் 'சம்திங் இன் தி ரெயின்'. பழையதில் ஒன்று வேண்டுமானால் 'கிம் சாம்-சூன்', நாயகனை மன்னித்துவிட்டு நாயகிக்காகப் பாருங்கள். 'டேஞ்சரின்ஸ்' தொடரை முதலில் எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று தொடர்கள் பார்த்து, வழக்கமான காதலன் எப்படி இருப்பான் என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான் குவான்-சிக்கின் அருமை புரியும். தமிழ் டப்பிங் கிடைக்கும் தொடர்களில் முதல் எபிசோடை மட்டும் டப்பிங்கில் பார்த்துவிட்டு, அப்புறம் சப்டைட்டிலோடு கொரியனுக்கு மாறிவிடுங்கள். மூச்சு வாங்குவதும் குரல் கம்முவதும் நடிப்பில் பாதி.

வயதானவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும் என்றால், 2019-இல் ஜேடிபிசியில் வந்த 'தி லைட் இன் யுவர் ஐஸ்'. 12 எபிசோடுதான். எழுபதுகளின் பிற்பகுதியில் இருந்த கிம் ஹே-ஜா, இருபத்தைந்து வயதுப் பெண் திடீரென்று கிழவியாகிவிட்டால் எப்படி நடப்பாள், எப்படித் திகைப்பாள், மனதுக்குப் பிடித்த பையனிடம் எப்படிப் பேசுவாள் என்று செய்து காட்டுகிறார். இளம் வயதில் அதே பெண்ணாக ஹான் ஜி-மின். அந்த ஆண்டு பேக்சாங்கின் மிக உயர்ந்த விருது கிம் ஹே-ஜாவுக்குக் கிடைத்தது. பார்ப்பதற்கு முன் அதன் கதைச்சுருக்கத்தை மட்டும் எங்கேயும் படித்துவிடாதீர்கள்.